லிச்ஃபீல்டில் கூடாரம் போட்டு அருவியில் குளிக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசம் என்றதும் எல்லாரும் ககாடு தேசியப் பூங்காவுக்குத்தான் கிளம்புகிறார்கள். கூடாரம் போட்டே பழக்கமில்லாதவர்களுக்கு நான் லிச்ஃபீல்டு தேசியப் பூங்காவைத்தான் சொல்வேன். பிரதேசத் தலைநகர் டார்வினிலிருந்து தெற்கே சுமார் 100 கிலோமீட்டர்தான், முக்கியமான அருவிகள் வரை தார்ச்சாலை, சாதாரண காரே போதும். மேலே இருக்கிற மணற்கல் பீடபூமி மழைக்காலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால், மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் அருவி விழுந்துகொண்டே இருக்கும்.

1. மாதம்

மே முதல் அக்டோபர் வரை. ஜூன், ஜூலை என்றால் இன்னும் நல்லது. பகலில் குளிக்கத் தோன்றும் அளவுக்கு வெயில், இரவில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்.

2. முதலில் தண்ணீர், அப்புறம்தான் முகாம்

முகாம் இடத்தைப் பிடித்துவிட்டு, போன பிறகு குளம் மூடியிருக்கிறது என்று தலையில் கைவைக்காதீர்கள். எந்தக் குளம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பூங்கா நிர்வாகம் இணையத்தில் போடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இடத்தை முன்பதிவு செய்யுங்கள். வெளி மாநிலம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பூங்கா அனுமதிச்சீட்டையும் கையோடு வாங்கிவிட வேண்டும்.

மூடுவதற்குக் காரணம் ஒன்று வேகமான நீரோட்டம், இன்னொன்று உப்புநீர் முதலை. மழைக்கால வெள்ளத்தோடு அது நல்ல தண்ணீருக்குள்ளும் வெகுதூரம் ஏறி வந்துவிடும். மழை ஓய்ந்ததும் வனக்காவலர்கள் இரவில் விளக்கடித்துத் தேடுவார்கள், கூண்டு வைப்பார்கள், தண்ணீரில் மிதவைகளைக் கட்டிவிடுவார்கள். முதலை எதையும் ஒரு கடி கடித்துப் பார்க்கும் ஜென்மம். மிதவையில் பல் தடம் விழுந்திருந்தால் உள்ளே ஐயா இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். இத்தனைக்கும் பிறகு 2023 ஜூலையில், திறந்திருந்த வாங்கை அருவிக் குளத்திலேயே ஒருவரை முதலை கடித்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், குளத்தை மூடிவிட்டார்கள். அதனால் நேற்று ஊர்க்காரர் சொன்னது, போன வருடம் யாரோ போட்ட வீடியோ எதுவும் வேண்டாம். அன்றைக்குக் குளத்தருகே இருக்கிற பலகை என்ன சொல்கிறதோ அதுதான்.

3. வண்டியில் ஏற்ற வேண்டியவை

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர், கேஸ் அடுப்பு, தலையில் மாட்டும் டார்ச், கொசுவிரட்டி, தண்ணீரிலும் போட்டுக்கொள்ளக்கூடிய ரப்பர் செருப்பு. வரைபடத்தை ஃபோனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், உள்ளே சிக்னலை நம்ப முடியாது. பேச்சலர் ஊரில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது, அந்தி சாய்ந்தால் கங்காரு கூட்டமெல்லாம் ரோட்டில்தான். வழியில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற கறையான் புற்றுகளைப் பார்ப்பீர்கள், தட்டையாக, எல்லாம் வடக்கு தெற்காக. வெயில் சூட்டைச் சமாளிக்கத்தான் அந்த அமைப்பு. பத்து நிமிடம் நின்று பார்க்கலாம்.

4. கூடாரம்

முதல் தடவைக்கு ஃப்ளாரன்ஸ் அருவி முகாம் சரியாக இருக்கும். தரை சரளைக்கல், இறுகிக் கிடக்கும்; கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் இரண்டு அடியிலேயே வளைந்துவிடும், தடித்த இரும்பு முளையும் சுத்தியலும் கொண்டு போங்கள். அடிப்பதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். பச்சை இலைகளை வெள்ளை நூலால் தைத்த பந்து மாதிரி கிளையில் தொங்கினால் அது முசுறு எறும்புக் கூடு. இங்கே அதன் வயிறு பச்சையாக இருக்கும், கடி மட்டும் நம் ஊர்க் கடிதான். வேறு மரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. குளிப்பது

டார்வினிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள், காலையிலேயே ஃப்ளாரன்ஸுக்கு இறங்கிவிடுங்கள். நூற்றுக்கு மேல் படிகள். கீழே இரட்டை அருவி, சுற்றிலும் பாறை, நடுவில் ஆழமான குளம். மேலிருந்து குதிக்க வேண்டாம், அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து மெல்ல இறங்குங்கள். நீச்சல் தெரியாதவர்களும் குழந்தைகளும் பியூலி பாறைக்குளங்களுக்குப் போகலாம், ஓடை படிப்படியாக இறங்கி ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் குளம். அங்கேயும் சில குழிகள் ஆளை முழுக்கும், அதனால் குழந்தையின் கையை விடாதீர்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஓடையோரமாக நடைபாதை இருக்கிறது, தூரம் அதிகமில்லை. சன்ஸ்கிரீனைத் தடவிக்கொண்டு நேராகத் தண்ணீரில் விழுவதை விட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது மேல், அந்தத் தண்ணீரில் மீனும் இருக்கிறது.

டோல்மர் அருவியில் குளிக்க முடியாது, மேலே இருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அங்குள்ள குகைகளில் அரிய வௌவால்கள் வாழ்கின்றன.

வாங்கையைக் கடைசிக்கு வையுங்கள். பெரிய குளம், பக்கத்திலேயே கடை, புல்வெளி. மூடியிருந்தால் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, குளிக்க மறுபடி பியூலிக்கே வண்டியைத் திருப்புங்கள்.