மலிவு பேஸ் கிட்டாரைத் தேற்றுவது எப்படி? விற்கும்போது கையைக் கடிக்காத வழி

விலை குறைந்த பேஸ் கிட்டார் ஒன்றைக் கொஞ்ச நாள் வாசித்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி இதுதான்: நல்ல பிக்கப்பாக (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தக் கருவி) மாற்றினால் சத்தம் தேறுமா, பின்னால் விற்கும்போது அந்தக் காசு திரும்பி வருமா? சத்தம் தேறலாம். காசு பெரும்பாலும் வராது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதி) உள்ள பெயரைப் பார்த்துத்தான் விலை பேசுவார். உள்ளே எவ்வளவு உயர்ந்த சாமான் இருந்தாலும் ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர், ஸ்குவையர் விலைக்குத்தான் போகும்.

அதற்காக மலிவு பேஸைத் தொடாமல் விட வேண்டியதில்லை. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நேரமும் பொறுமையும் மட்டும் கேட்கிற சீரமைப்பு ஒரு பக்கம். அதைத் தாராளமாகச் செய்யலாம். காசு கேட்கிற உதிரிபாகங்கள் மறுபக்கம். அவற்றை அந்தக் கிட்டாருக்கு என்று வாங்காமல் உங்களுக்கு என்று வாங்குங்கள். கிட்டார் கைமாறும்போது கழற்றி அடுத்ததில் மாட்ட முடிய வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டதுதான். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள, பேட்டரி இல்லாத நான்கு கம்பி பேஸை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: தேறுமா என்று முதலில் பாருங்கள்

பேஸை பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால், நெக்கின் (நீண்ட கழுத்துப் பகுதி) விளிம்போடு பாருங்கள். லேசான வளைவு இருந்தால் கவலையில்லை. நெக் முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு விளிம்பு ஒரு திசையிலும் மற்றது வேறு திசையிலும் போனால், அதில் காசு போடாதீர்கள். நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடு இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்றும் பாருங்கள். இறுகிப்போய் அசையாத டிரஸ் ராடும் முறுக்கிய நெக்கும் மலிவு கிட்டாரில் செலவுக்குக் கட்டுப்படியாகாத வியாதிகள். மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: கம்பி மாற்றுங்கள்

மலிவு பேஸோடு வரும் கம்பிகள் பெரும்பாலும் மந்தமானவை. 45–105 அளவில் (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (வெளியே உருண்டைக் கம்பி சுற்றிய) செட் ஒன்று போட்டாலே பாதிப் பேர் பிக்கப்பை மறந்துவிடுவார்கள். நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்குக் குறையாமல் இழுக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றினால் அந்தச் சமநிலை குலையாது.

கம்பியை அதன் ட்யூனர் (சுருதி சேர்க்கும் முறுக்காணி) தண்டைத் தாண்டி 10–12 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் செங்கோணமாக மடித்துக்கொள்வது முக்கியம். இல்லையென்றால் வெளிச்சுற்று அவிழ்ந்து கம்பி செத்துவிடும். நுனியைத் தண்டின் நடுத்துளையில் இறக்கி, இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி வரும்படி முறுக்குங்கள். கடைசியாக, நட்டை (நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு கட்டை) ஒட்டியும் பிரிட்ஜ் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) ஒட்டியும் கம்பியை விரலால் அழுத்திவிடுங்கள். கம்பி அங்கே வில்லாக வளையாமல் நேராக இறங்கினால் சுருதியும் தெளிவும் உடனே கூடும்.

படி 3: செட்டப்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். "இந்த பேஸ் வாசிக்கக் கஷ்டமா இருக்கு" என்று விற்கப்படும் கிட்டார்களில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு மணி நேர செட்டப்தான். வரிசை மாறக்கூடாது: நெக் வளைவு, ஆக்‌ஷன், இன்டோனேஷன் (நெக் முழுதும் சுருதி சரியாக ஒலிப்பது), பிக்கப் உயரம். ஒன்றைத் தொட்டால் அதற்கு அடுத்ததெல்லாம் மாறும்.

நெக் வளைவு: சுருதி சேர்த்த பிறகு, ஈ கம்பியை (மிகத் தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. போதும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசிப் போக வேண்டும். இடைவெளி அதிகமென்றால் டிரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள். இடைவெளியே இல்லையென்றால் எதிர்ப்பக்கம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு அளங்கள். பொருந்தாத ஆலன் கீயை வைத்துத் திருகினால் ராடின் தலை வழுக்கிவிடும். அப்புறம் அந்த பேஸை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆக்‌ஷன்: டிரஸ் ராடால் கம்பி உயரத்தைச் சரிசெய்யப் பார்ப்பது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது. அது நெக்கின் வளைவுக்கு மட்டும். உயரத்துக்கு பிரிட்ஜ் சேடிலில் இருக்கும் சின்ன ஆலன் திருகுகள். 17-வது ஃப்ரெட்டின் முதுகிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மிக மெல்லிய ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். விரலால் மென்மையாக வாசிப்பவர் இன்னும் இறக்கலாம். அடித்து வாசிப்பவருக்குக் கொஞ்சம் ஏற்றி வைப்பதே நிம்மதி.

இன்டோனேஷன்: கம்பியை வெறுமனே மீட்டிச் சுருதி சேர்த்துவிட்டு, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி, சுருதி காட்டும் ட்யூனர் கருவியைப் பாருங்கள். சுருதி ஏறிக் காட்டினால் சேடிலை நெக்கிலிருந்து தள்ளிப் பின்னால் கொண்டுபோங்கள். இறங்கிக் காட்டினால் முன்னால். கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டுத் திருகினால் திருகு மரை தேயாது.

பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 2.5–3 மி.மீ. வையுங்கள், ஈ பக்கம் கொஞ்சம் கூடுதலாக. கிட்டே கொண்டுபோனால் சத்தம் கூடும் என்று திருகிக்கொண்டே போனால், காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியை ஆட்டும்.

படி 4: ஃப்ரெட் ஓரமும் நட்டும்

நெக் ஓரத்தில் கையை ஓட்டினால் ரம்பம் மாதிரிக் கிழிக்கிறதா? வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. ஃப்ரெட் நுனி வெளியே நீட்டிக்கொள்கிறது. மரத்தின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, நயமான அரத்தால் நுனிகளை மெல்ல வழியுங்கள். வாங்க வருகிறவர் கிட்டாரைக் கையில் எடுத்ததும் உணரும் விஷயம் இதுதான். செலவே இல்லாமல் 'நல்ல கிட்டார்' என்ற எண்ணத்தை இது தருகிறது.

நட்டில் அவசரப்படாதீர்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின்மேல் நூலிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். அதிகமாகத் தெரிந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் ஃப்ரெட் சுரங்கள் ஏறி ஒலிக்கும். ஆனால் அரத்தால் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. பழக்கமில்லையென்றால் கிட்டார் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

படி 5: வயரிங்

கட்டுப்பாட்டு நாப்களைத் திருப்பும்போது கரகரவென்றால், காண்டாக்ட் கிளீனரை நாப்புக்கு அடியில் இருக்கும் 'பாட்' (பொட்டென்ஷியோமீட்டர்) உள்ளே தெளித்துப் பலமுறை திருப்புங்கள். பாதிப் பிரச்சினை அத்தோடு போய்விடும். ஜாக் (கேபிள் சொருகும் துளை) ஆடினால் வெளியே இருக்கும் மரை நட்டை மட்டும் இறுக்காமல், உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இல்லையென்றால் ஜாக் சேர்ந்து சுழன்று வயர் பிய்ந்துவிடும்.

இரைச்சலுக்கு வருவோம். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது, வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசம்தான் போதவில்லை. தொட்டதும் கூடினால் வயரிங்கில் கோளாறு. முதலில் அதைப் பாருங்கள். கவசத்துக்கு, பசையும் மின்சாரம் கடத்தும் வகைச் செப்பு நாடாவை வாங்கி, பாட் இருக்கும் பள்ளத்தின் உட்புறம் முழுக்க ஒட்டி, ஒரு வயரால் எர்த்தோடு சேருங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் சோதிக்கலாம். ஜே-பேஸில் (ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வகை, இரண்டு பிக்கப் உள்ளது) ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் வரும் 'ஹம்' இதனால் முழுக்கப் போகாது. இரண்டையும் சம அளவில் திறந்தால்தான் ஒன்றை ஒன்று ரத்துசெய்யும். பி-பேஸில் (ஃபெண்டர் பிரெசிஷன் வகை) 1957 முதல் வரும் இரண்டு துண்டு பிக்கப்பில் அந்த ஏற்பாடு பிறவியிலேயே உண்டு.

பாட் மாற்ற வேண்டுமென்றால் 250 கிலோஓம், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். முன்கூட்டியே அளந்துவிடுங்கள்: மலிவு பேஸ்களில் பெரும்பாலும் சின்ன பாட்தான் இருக்கும். பெரிய பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், பழைய நாப்பும் அதில் ஏறாமல் போகலாம். துளையைப் பெரிதாக்குவதைவிட, அதே அளவில் நல்ல சின்ன பாட் வாங்குவதே என் தேர்வு.

படி 6: பிக்கப்

பிளேயருக்கு மிகவும் பிடித்த செலவு இது. விற்பனையில் மிகக் குறைவாகத் திரும்புவதும் இதுதான். அதனால்தான் அளவு முக்கியம். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரெசிஷன், 1960-ல் வந்த ஜாஸ் ஆகிய இரண்டின் வடிவமைப்பையும் ஏராளமான மலிவு பேஸ்கள் பின்பற்றுகின்றன. இன்றைய வழக்கமான பி-பேஸ், ஜே-பேஸ் அளவில் ஒரு பிக்கப் வாங்கினால், நாளை அதை இன்னொரு பேஸில் மாட்டலாம், தனியாகவும் விற்கலாம். விநோத அளவு பிக்கப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஜே-பேஸில் ஒரு கண்ணி உண்டு: முறையான செட்டில் பிரிட்ஜ் பக்க பிக்கப் நெக் பக்கத்தைவிடச் சற்று நீளம். சில மலிவு மாடல்களில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கினால் பாடியைச் செதுக்க வேண்டிவரும். செதுக்கினால் கிட்டார் விலை இறங்கும்.

பழைய பிக்கப்பைக் கழற்றுவதற்கு முன் வயரிங்கைப் போட்டோ எடுங்கள். வயரைப் பிக்கப்பின் அடியில் வெட்டாதீர்கள். பாட் முனையில் இருக்கும் ஈயத்தை உருக்கி முழு நீளமாக எடுங்கள். பழைய சாமான், திருகு, ஸ்பிரிங் எல்லாம் ஒரு கவரில் போட்டு மாடல் பெயர் எழுதி வையுங்கள்.

படி 7: ட்யூனரும் பிரிட்ஜும்

ட்யூனர் நழுவினால் மட்டும் மாற்றுங்கள். பல சமயம் சுருதி நிற்காததற்குக் காரணம் கம்பி சுற்றிய விதமே. ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஹெட்ஸ்டாக் கீழே சாய்கிற பேஸுக்கு எடை குறைந்த ட்யூனர் உண்மையிலேயே உதவும். கனமான பிரிட்ஜ் மாற்றுவது அழகுக்கு. திருகு துளைகள் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு வரை செலவழிக்கலாம்? கிட்டாரின் செகண்ட் ஹேண்ட் விலையும் நீங்கள் வாங்க நினைக்கும் சாமான்களின் விலையும் சேர்ந்து, ஒரு படி மேலான மாடலின் செகண்ட் ஹேண்ட் விலையைத் தொட்டால், அந்த மாடலையே வாங்குங்கள். செட்டப் செய்து முடித்ததும் இந்தக் கணக்கைப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

படி 8: விற்கும்போது

ஃப்ரெட்டைப் பிடுங்குவது, பெயின்ட் அடிப்பது, புதுத் துளை போடுவது ஆகிய மூன்றும் வாங்குபவர் எண்ணிக்கையைக் குறைக்கும். இதையெல்லாம் செய்யாமல் இருந்தால் மீதி சுலபம். நல்ல பிக்கப்பையும் ட்யூனரையும் கழற்றி எடுத்துவிட்டு, கவரில் வைத்திருந்த ஒரிஜினல் சாமானைத் திரும்ப மாட்டுங்கள். கழற்றியவற்றைத் தனியாக விற்றாலோ அடுத்த பேஸில் போட்டாலோ, கிட்டாரோடு சேர்த்து விற்பதைவிடக் கூடுதலாகத் தேறும். கழற்ற மனம் வராவிட்டால், ஒரிஜினல் சாமானையும் கூடவே தருவதாக விளம்பரத்தில் எழுதுங்கள்.

புதுக் கம்பி, துடைத்த ஃப்ரெட்போர்டு, செட்டப் முடிந்த பேஸ்: இந்த நிலையில் போட்டோ எடுங்கள். ஹெட்ஸ்டாக் முன்னும் பின்னும், சீரியல் எண், ஃப்ரெட்டுகள் கிட்டத்தில், எடை எவ்வளவு என்ற விவரம் எல்லாம் வேண்டும். காயங்களையும் மறைக்காமல் காட்டுங்கள். 'இத்தனை செலவு செய்தேன்' என்ற வரி வேண்டாம். அதைப் படித்ததும் வாங்குபவர் பேரம் பேச ஆரம்பிப்பார். ஆம்ப்பில் இணைத்து நான்கு கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் வாசித்த ஒரு நிமிட வீடியோ, பிக்கப் பெயரைவிட அதிகம் பேசும்.