வீட்லயே கார் பிரேக் பேட் மாத்தப் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணிடாதீங்க

நான் முதல் தடவை சொந்தமா பேட் மாத்தின அன்னைக்கு வேலை எல்லாம் முடிஞ்சுதுன்னு வீலை மாட்டி கையைக் கழுவிட்டு நேரா வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டேன், எங்க வீட்டு வாசல்ல இருந்து தெருவுக்கு லேசா சரிவு, வண்டி உருள ஆரம்பிச்சதும் பிரேக்கை மிதிச்சா பெடல் அப்படியே தரையைத் தொட்டுருச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுத்ததால நின்னுச்சு. அந்த நேரம் பின்னாடி யாரும் வரல, வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

பேட்ல எந்தக் கோளாறும் இல்ல, மாட்டினதுலயும் தப்பில்ல. புது பேட் பழசை விட தடிமனா இருக்கும்ல, அது உள்ள உட்காரணும்னு காலிபர் (பேடைப் பிடிச்சிருக்குற கவ்வி) பிஸ்டனை, அதாவது பேடைத் தள்ளுற உருளையை, உள்ள தள்ளியிருப்போம், அந்த பிஸ்டன் திரும்ப வெளிய வந்து, வீலோட சேர்ந்து சுத்துற டிஸ்க்கை பேட் தொடுற வரைக்கும் பெடல்ல பிடிப்பே இருக்காது. அதனால வீல் மாட்டி ஜாக்கியை இறக்கினதும், கியர் போடுறதுக்கு முன்னாடியே, பெடலை பாதி பாதியா மெதுவா அமுக்கி விடுங்க, கல்லு மாதிரி இறுகுற வரைக்கும். எத்தனை தடவை மிதிச்சும் இறுகலன்னா வண்டியை ஒரு அடி கூட நகர்த்தாதீங்க, பிரேக் ஆயில் போற லைன்ல காத்து இருக்கு, இல்ல எங்கயோ லீக் ஆகுது.

நம்ம ஊர்ல ஓடுற ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 மாதிரி வண்டியில பெரும்பாலும் முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், அதனால நான் சொல்றது முன் வீல் வேலை. பின்னாடியும் டிஸ்க் இருக்குற வண்டியில பல மாடல்ல பிஸ்டனை சுத்திச் சுத்தித்தான் உள்ள அனுப்பணும், கிளாம்ப் போட்டு நெருக்கினா உள்ள இருக்குற ஹேண்ட்பிரேக் மெக்கானிசம் உடைஞ்சுரும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தா அதை முதல்ல சர்வீஸ் மோடுக்கு கொண்டு போகணும், இதுல அனுபவம் இல்லாதவங்க ஒர்க்‌ஷாப்லயே விட்டுருங்க.

அடுத்தது ஜாக்கி. வண்டியோட வர்ற ஜாக்கி ஸ்டெப்னி மாத்தத்தான், அதை மட்டும் நம்பி காலிபர் போல்ட்டை பலம் கொடுத்து திருப்பினா வண்டி ஆடி சாயும். சமமான சிமெண்ட் தரையில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வச்சு, தூக்கினதும் வண்டியைத் தாங்குற ஜாக் ஸ்டாண்டு கொடுத்துட்டுதான் வேலையை ஆரம்பிக்கணும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது, எடை ஏறினா பொலபொலன்னு உடையும். வீல் நட்டை, வீல் தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திக்கோங்க.

காலிபரைக் கழட்டினதும் நிறைய பேர் அதை அப்படியே ஹோஸ்ல தொங்க விட்டுட்டு வேற வேலையைப் பாப்பாங்க. பார்த்தா ஒண்ணும் ஆகாத மாதிரிதான் இருக்கும், ஆனா அந்த எடையில ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள கிழிஞ்சுரும், வெளிய தெரியவே தெரியாது. ஒரு கம்பியை வளைச்சு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல மாட்டி அதுல தொங்க விடுங்க. இன்னொண்ணு, காலிபர் வெளிய இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. பிஸ்டன் வெளிய தெறிச்சுட்டா ஆயில் மொத்தம் கொட்டி, அரை நாள் வேலை ரெண்டு நாள் ஆகும். வீட்ல சின்னப் பசங்க இருந்தா கதவைப் பூட்டிருங்க. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா பிரிக்காம ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க, எந்தக் கிளிப் எப்படி இருந்துச்சுன்னு குழப்பம் வந்தா மாட்டியிருக்குற பக்கத்தைப் பாத்துக்கலாம்.

பிஸ்டனைத் தள்ளுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்துக்கு ஆயில் போகும், டப்பால லெவல் இறங்கும். லெவல் இறங்கிடுச்சேன்னு யாராவது நடுவுல ஊத்தியிருந்தா, இப்ப பிஸ்டனைத் தள்ளும்போது அது நிரம்பி வழியும், பெயிண்ட்ல பட்டா பெயிண்ட் உரிஞ்சுரும். ஒரு சிரிஞ்சால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துருங்க, பட்டுட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. ஊத்தணும்னா மூடியில என்ன போட்டிருக்கோ அதேதான், பெரும்பாலும் டாட் 3 இல்ல டாட் 4. டாட் 5ன்னு ஒண்ணு இருக்கு, அது சிலிக்கான், அதை இதோட கலக்கக் கூடாது. பாதி தீர்ந்து மூடி திறந்து மாசக்கணக்கா கிடந்த பாட்டிலும் வேணாம், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்கும், அப்புறம் மலை இறக்கத்துல சூடேறினா சீக்கிரம் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி ஆகிரும்.

கிரீஸ் விஷயத்துலதான் நான் ரொம்ப பயப்படுறேன். ஸ்லைடு பின்னுக்கு (காலிபர் உள்ளயும் வெளியயும் நகர்றது இது மேலதான்) கிரீஸ் வேணும்னு கேட்டுட்டு, வீட்ல கிடக்குற சாதா கிரீஸை எடுத்துத் தடவிடுறாங்க. அது பெட்ரோலிய கிரீஸ், பின்னை மூடியிருக்குற ரப்பர் உறையை உப்ப வச்சுரும், கொஞ்ச நாள்ல பின் இறுகிப் போயிரும். பிரேக்குக்குன்னே சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூப்ல கிடைக்குது, அதை மட்டும் வாங்குங்க. பேட் டிஸ்க்கைத் தொடுற முகத்துல துளி கிரீஸ் கூட படக்கூடாது, விரல்ல ஒட்டியிருக்குறதே போதும் பிடிப்பைக் கெடுக்க. டிஸ்க்கை கடைசியா பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சுருங்க. பிரேக் தூசியை காத்தடிச்சு ஊத வேணாம், பழைய பேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியாலயே துடைங்க.

கழட்டின பழைய பேடைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. உள்பக்க பேட் காணாமப் போற அளவுக்கு தேஞ்சு வெளிப்பக்கத்துது அப்படியே இருந்தா ஸ்லைடு பின் இறுகியிருக்கு, இல்ல பிஸ்டன் திரும்பப் போகல. அதைச் சரி பண்ணாம புது பேட் போட்டா அதுவும் அதே மாதிரிதான் தேயும். 3 மில்லிமீட்டர் வந்தாலே மாத்திருங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்துற பழக்கமும் வேணாம், முன்னாடி ரெண்டு வீலுக்கும் சேர்த்துதான், இல்லன்னா அவசரத்துல மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும். டிஸ்க்லயே குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ போயிருந்தா டிஸ்க்கும் சேர்த்துதான் மாத்தணும்.

காலிபர் போல்ட்டை கையால இறுக்கினா போதும்னு விடாதீங்க, மேனுவல்ல இருக்குற அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு இறுக்குங்க. வீல் நட்டை எதிர் எதிரா மாத்தி மாத்தி இறுக்குங்க.

மாட்டின உடனே ஹைவேக்குப் போய் சடன் பிரேக் அடிச்சுப் பாக்காதீங்க. காலியான ரோட்டுல 50 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 10 வரைக்கும் மிதமா குறைச்சு, திரும்ப வேகம் எடுத்து, இப்படி ஒரு 8, 10 தடவை, நடுவுல முழுசா நிறுத்தாம. அப்பதான் பேட் டிஸ்க்ல ஒரே சீரா படியும், சூடா இருக்கும்போது பெடலை அழுத்திப் பிடிச்சு நின்னா அந்த இடத்துல திட்டா ஒட்டி அப்புறம் ஸ்டியரிங் நடுங்கும். வீடு வந்ததும் ரெண்டு முன் வீல் ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க, தொடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் பேட் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கு, அன்னைக்கே பிரிச்சுப் பாத்துருங்க. நூறு கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை இன்னொரு தடவை செக் பண்ணிருங்க.