எசிடலோபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? முதல் நாளிலிருந்து நிறுத்தும் நாள் வரை

பதினாறு வருடமாக மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்கிறேன். மனச்சோர்வுக்கான சீட்டை நீட்டுகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சீட்டு நாலாக மடித்திருக்கும். பக்கத்தில் தெரிந்தவர் யாரும் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இந்த நரம்பு மாத்திரை இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கூட்டம் இருந்தால் எனக்கு விளக்கிச் சொல்ல நேரம் இருக்காது, அவர்களுக்கும் நின்று கேட்கக் கூச்சம். கவுன்ட்டரில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வரும் சீட்டுகளில் அதிகம் பார்ப்பது எசிடலோபிராம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் கொடுப்பார்கள். மூளையில் நரம்புகளுக்கு நடுவே செரட்டோனின் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை. தூக்க மாத்திரை கிடையாது, போதை தராது. ஆனால் நினைத்த நேரத்தில் போட்டு நினைத்த நேரத்தில் விடுகிற மாத்திரையும் இல்லை. நான் பார்த்தவரை ஜனங்கள் இதை இரண்டு இடத்தில் தப்பாக நிறுத்துகிறார்கள். ஒன்று முதல் பத்து நாளில், இன்னொன்று நன்றாக ஆன பிறகு.

படி 1: டாக்டரிடம் போகும்போதே ஒரு பை கொண்டு போங்கள்

வீட்டில் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, மூட்டு வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் விட வேண்டாம். "பிரஷருக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

கேஸுக்கு வெறும் வயிற்றில் போடும் ஓமிப்ரசோல் ஒன்றும் செய்யாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஈரல் எசிடலோபிராமைக் கரைக்கும் வேகத்தை அது குறைத்துவிடும், அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வலிக்குக் கொடுக்கும் டிரமடாலும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லைனிசோலிடும் இதோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிப் போகலாம். ஆஸ்பிரின், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளோ, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோ சேர்ந்தால் வயிற்றிலோ வேறு இடத்திலோ ரத்தம் கசியும் அபாயம் கூடும்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள் கணக்கில் அதீத உற்சாகத்தோடு, கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவு செய்தபடி இருந்திருக்கிறீர்களா? குடும்பத்தில் யாருக்காவது இருமுனை மனநோய் உண்டா? அப்படி இருந்தால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பது அந்த உற்சாக நிலையைத் தூண்டிவிடக்கூடும். இதய நோய், அடிக்கடி மயக்கம், வலிப்பு, கண் அழுத்தம், ஈரல் கோளாறு, கர்ப்பம், குடிப்பழக்கம் இவற்றையும் சொல்லுங்கள். அளவு கூடக் கூட இந்த மருந்து இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் இதய நோயாளிகளுக்கு முதலில் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள்.

படி 2: அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். எசிடலோபிராம் 5, 10, 20 மில்லிகிராமில் கிடைக்கிறது. சீட்டில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 10 மில்லிகிராம், அதிகபட்சம் ஒரு நாளைக்கு 20. வயதானவர்களுக்கு 10-ஐத் தாண்ட மாட்டார்கள்.

எசிடலோபிராம் என்ற பெயருக்குக் கீழே குளோனாசெபாம் என்று இன்னொரு பெயர் இருக்கிறதா? நம் நாட்டில் இந்த இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை நிறைய விற்கிறது, பெரும்பாலும் பிராண்டு பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' போன்ற ஒரு ஒட்டு இருக்கும். குளோனாசெபாம் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் உடனே அடக்கும். ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு அது உதவியும் செய்யும். ஆனால் அது பழக்கமாகிவிடும் மருந்து. மாதக்கணக்கில் போட்டால் ஞாபகம் மங்கும், வயதானவர்கள் தடுமாறி விழுவார்கள், விடுவதும் கஷ்டம். மூன்று வருடமாகக் கூட்டு மாத்திரை போட்டுக்கொண்டு, தான் போடுவது ஒரே மருந்து என்று நம்பியிருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். உங்கள் அட்டையில் இரண்டு பெயர் இருந்தால் "இதில் குளோனாசெபாம் எத்தனை நாளைக்கு?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கேட்காதீர்கள். கத்தரித்த துண்டில் வெறும் வெள்ளிக் காகிதம்தான் மிஞ்சும். பெயரும் காலாவதித் தேதியும் இன்னொரு துண்டில் கடையிலேயே தங்கிவிடும்.

படி 3: முதல் இரண்டு வாரம் பொறுமை

முதல் வாரம் பாதி மாத்திரையில், அதாவது 5 மில்லிகிராமில், தொடங்கச் சொல்லும் டாக்டர்கள் நிறைய. சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். குமட்டுகிறவர்கள் சாப்பிட்ட பிறகு போடட்டும். தூக்கம் கெட்டால் காலையில், தூங்கி வழிந்தால் இரவில். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

குமட்டல், தலைவலி, வயிறு இளகுவது, வியர்வை, வாய் உலர்வது இவை ஆரம்பத்தில் வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். மனம் தேற இரண்டிலிருந்து நாலு வாரமும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமும் ஆகும். தொல்லை முதலில் வந்துவிடுகிறது, சுகம் பிறகுதான் வருகிறது. "எட்டு நாள் போட்டேன், வாந்திதான் வந்தது" என்று விட்டுவிடுகிறவர்கள் அந்த இடைவெளியில்தான் விடுகிறார்கள்.

ஆனால் சிலருக்கு முதல் நாட்களில் பதற்றம் கூடும், உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கவும் வாய்ப்பு உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் என்று மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. 2007-ல் அதை 24 வயது வரை நீட்டித்தது. மருந்தே வேண்டாம் என்பது அதன் பொருள் இல்லை. மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் வீட்டில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், மாத்திரை அட்டையும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். அப்படி எண்ணம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104, இரண்டும் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். ஆபத்து கண்முன் இருந்தால் 108.

படி 4: ஒரு நோட்டு

தினம் இரண்டு வரி போதும். எத்தனை மணிக்குத் தூங்கினேன், பசித்ததா, இன்று எந்த வேலையைச் செய்ய முடிந்தது. ஆறாவது வாரம் டாக்டர் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் வாயில் "பரவாயில்லை" என்றுதான் வரும். நோட்டு உண்மையைச் சொல்லும்.

நோட்டில்கூட எழுதக் கூசும் ஒன்று உண்டு. தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது. இது இந்த வகை மாத்திரைகளில் சாதாரணமாகக் காணும் பக்கவிளைவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வரும். மற்றவை தணிந்த பிறகும் இது தங்கிவிடலாம். காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு இதுவே காரணம் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ டாக்டரிடம் வழி இருக்கிறது.

படி 5: ஒரு வேளை மறந்தால்

அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

படி 6: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். 68 வயது. பிரஷருக்கு நீர் போகும் மருந்து கலந்த மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு எசிடலோபிராம் தொடங்கினோம். மூன்றாவது வாரம் ஒரு நாள், கரைத்து வைத்த புளி பக்கத்திலேயே இருக்க, மறுபடியும் புளியை ஊறப்போட்டார். மறுநாள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். துக்கத்தில் இருக்கிறார் என்றே நான் நினைத்தேன். அன்று மாலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதுதான் உறைத்தது. ரத்தப் பரிசோதனையில் உப்பு, அதாவது சோடியம், 122. சாதாரணமாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். உடனே மருத்துவமனையில் சேர்த்ததால் பிழைத்தார்.

வயதானவர்களுக்கு, அதிலும் நீர் போகும் மாத்திரை போடுகிறவர்களுக்கு, இந்த மருந்து உடலின் உப்பைக் குறைக்கக்கூடும். தொடங்கும் முன் ஒரு தடவை, தொடங்கிய சில வாரத்தில் ஒரு தடவை சோடியம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் இருந்தால் மறுநாள் வரை பார்க்காதீர்கள்.

இன்னொன்று செரட்டோனின் மிகுதி. புது மருந்து சேர்த்த அல்லது அளவு கூட்டிய சில மணி நேரத்திலேயே நடுக்கம், கொட்டும் வியர்வை, காய்ச்சல், படபடப்பு, பேதி, தசை வெட்டி இழுப்பது என்று ஒன்றாக வரும். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கறுப்பாக மலம் போவது, மயங்கி விழுவது, தூக்கமே இல்லாமல் திடீர் உற்சாகம், இவற்றுக்கும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படி 7: நிறுத்துவது

நன்றாக ஆனதும் நிறுத்தக் கூடாது. முதல் முறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு, குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். கர்ப்பம் என்று தெரிந்த உடனே பயந்து நிறுத்துவதும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

எங்கள் கடைக்கு வரும் ஒரு அண்ணன் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தார், மாத்திரையும் கூடாது என்று விட்டுவிட்டார். நாலாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளே ஷாக் அடித்த மாதிரி இருந்ததாம். கூடவே கிறுகிறுப்பு, எரிச்சல், விதவிதமான கனவுகள். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து ஓடி வந்தார். சட்டென்று விட்டதன் விளைவுதான் அது. நோய் திரும்புவது பெரும்பாலும் மெல்ல வாரக்கணக்கில் நடக்கும், விட்டதால் வருவது சில நாளிலேயே தொடங்கிவிடும், ஷாக் அடிக்கும் உணர்வும் அதன் அடையாளம்தான். விரதம் இருக்கிறவர்கள் ஒரு வாய் தண்ணீரோடு போடலாமா, நேரத்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் காலம் வந்தால் டாக்டர் சொல்படி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் குறைத்து வர வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டு நிறுத்துகிறேன் என்கிறவர்கள் உண்டு. இந்த மருந்து சுமார் 30 மணி நேரத்தில் உடலில் பாதியாகிவிடும், அதனால் அப்படிப் போட்டால் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தினமும் போட்டபடியே அளவைக் குறைப்பதுதான் உடம்புக்கு எளிது.

கடைசியில் மிஞ்சும் மாத்திரைகளை "தங்கைக்கும் இதே மாதிரிதான் இருக்கு" என்று கொடுத்துவிடாதீர்கள். அவளுக்குத் தனியாக ஒரு சீட்டு வேண்டும், படி 1-இலிருந்து தொடங்க வேண்டும். மிஞ்சியதை அட்டையிலிருந்து பிரித்து, காபி வடிகட்டிய சக்கையோடு கலந்து, ஒரு கவரில் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.