குடும்பத்தோடு முதல் மலை: கேட்பெல்ஸ் ஏறுவது எப்படி?

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் போய் வந்த குடும்பங்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஏரியில் படகு, கரையில் போட்டோ, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம், மறுபடி கார். "மேலே ஏறவில்லையா?" என்றால், "அதெல்லாம் பழக்கம் உள்ளவர்களுக்கு" என்பார்கள். அந்தப் பழக்கம் ஒரு சின்ன மலையில் தொடங்குவதுதான். எங்கள் வீட்டில் ஏழு வயது மகளும், அறுபது தாண்டிய அத்தையும், உடற்பயிற்சி என்றாலே ஒதுங்கும் மச்சானும் சேர்ந்து முதலில் போனது கெஸிக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கேட்பெல்ஸுக்கு. அதையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். வேறு மலைக்குப் போனாலும் இதே முறை உதவும்.

1. மலையைத் தேர்ந்தெடுப்பது

கூட்டத்திலேயே யாருக்குக் கால் பலம் குறைவோ அவருக்கு ஏற்ற மலையைத் தேர்ந்தெடுங்கள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது ஒன்றுதான். முதல் தடவையே இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) வேண்டாம். பிரிட்டனிலேயே மிக உயரமான, ஸ்காட்லாந்தில் இருக்கும் பென் நெவிஸ் (1345 மீட்டர்) வேண்டவே வேண்டாம்.

கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான். பாதை தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். காலடியிலேயே டெர்வென்ட்வாட்டர் ஏரி. கெஸிக்கில் இருந்து கிளம்பும் படகு ஏரியைச் சுற்றியுள்ள படகுத்துறைகளில் நின்று நின்று போவதால், ஏறாதவர்களும் நாளை வீணாக்காமல் கூடவே வரலாம். அத்தைக்கு முழங்கால் வலி. அவரும் மாமாவும் படகில் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டு, பிராண்டல்ஹவ் துறையில் இறங்கி, ஏரிக்கரை மரநிழலில் நடந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு விதமான நடை, சாப்பாடு மட்டும் சேர்ந்து. இப்படிப் பிரித்துக்கொள்ள முடிகிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் யாரையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

2. மேப்பில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்

பிரிட்டன் அரசின் மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் மேப்புகளில் ஆரஞ்சு அட்டை போட்ட 'எக்ஸ்ப்ளோரர்' வகையை வாங்குங்கள். கேட்பெல்ஸுக்கு ஓஎல்4 என்ற எண். ஃபோனிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது.

இந்த மேப்பில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். ஒரு தையல் நூலை எடுத்து, ஹாஸ் எண்ட் படகுத்துறையில் தொடங்கி, பாதை வளைகிற இடமெல்லாம் வளைத்து, உச்சி வழியாக ஹை பிராண்டல்ஹவ் துறை வரை மேப்பின் மேல் படுக்க வையுங்கள். அந்த நூலை நிமிர்த்தி அளந்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரும், அதாவது 5 கிலோமீட்டர். என் மகளுக்கு இந்த வேலையைத்தான் கொடுத்தேன். மலையில் நடக்கும்போது "இப்போது நூலில் எங்கே இருக்கிறோம்?" என்று அவளே கேட்டுக்கொண்டு வந்தாள்.

பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் சமஉயரக் கோடுகள். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். எக்ஸ்ப்ளோரர் மேப்பில் பாதைகள் பச்சை நிறக் கோடுகளாக இருக்கும். ஒரு பச்சைப் பாதை நெருக்கமான பழுப்புக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அங்கே மூச்சு வாங்கும் என்று அர்த்தம்.

இப்போது நேரக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மெட்ரிக் அளவில் அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூடுதல். நமக்கு 5 கிலோமீட்டருக்கு 60 நிமிடம், 400 மீட்டர் ஏற்றத்துக்கு 40 நிமிடம். கூட்டினால் ஒரு மணி நாற்பது நிமிடம். ஆனால் அது நன்றாக நடக்கிற பெரியவர்களுக்கு, நிற்காமல் நடந்தால். குழந்தைகள் இருந்தால் நான் அப்படியே இரண்டால் பெருக்கிவிடுவேன். சாப்பாட்டுக்கு அரை மணி. ஆக ஏறக்குறைய நாலு மணி நேரம்.

அப்புறம் திரும்பும் நேரம் ஒன்றை முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். "ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் இறங்கத் தொடங்குகிறோம்" என்பதுபோல. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அது மாறக் கூடாது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் அன்றைய அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் படகுகள் குறைவு.

3. வானிலை

கேட்பெல்ஸுக்கு அந்தப் பக்கம் போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வைட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெய்வது அங்கேதான், ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல். அதனால் ஊருக்கான வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு இருக்கிறது. பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆஃபிஸும் தருகிறது, மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸும் தருகிறது. இரண்டுமே இலவசம். முதல் நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள்.

மழையைவிடக் காற்றைக் கவனியுங்கள். மழையில் நனையலாம், காற்றில் முகட்டில் நிற்க முடியாது. மணிக்கு 30 மைலுக்கு மேல் காற்று என்று போட்டிருந்தால் நான் குழந்தைகளை முகட்டுக்குக் கூட்டிப் போக மாட்டேன். ஏரிக்கரை நடை இருக்கிறதே, அதுவும் அழகுதான். உயரம் ஏற ஏறக் குளிரும், 150 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. கீழே 14 டிகிரி இருந்தால் உச்சியில் 11 டிகிரி, காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குறைவாகத் தெரியும்.

4. உடையும் பூட்ஸும்

ஜீன்ஸ் வேண்டாம். மச்சான் அதைக் கேட்கவில்லை, உச்சிக்கு முன்னால் பதினைந்து நிமிடம் மழை பெய்தது. பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புச் சூட்டை உறிஞ்சும். வீடு வந்து சேரும்வரை அவருக்குத் தொடை சில்லிட்டுப்போய் இருந்தது. உடற்பயிற்சிக்குப் போடும் பாலியெஸ்டர் பேன்ட் போதும். மேலே மெல்லியதாக ஒன்று, அதற்கு மேல் ஃப்ளீஸ் (கம்பளிபோல் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். ஒரே தடிமனான கோட்டைவிட இந்த மூன்று அடுக்கு மேல். ஏறும்போது வியர்க்கும், ஒன்றைக் கழற்றலாம். நின்றால் குளிரும், உடனே போட்டுக்கொள்ளலாம். கோடையிலும் தொப்பியும் கையுறையும் பையில் இருக்கட்டும்.

பூட்ஸ் வாங்கும்போது, நடக்கும்போது போடப்போகிற தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது கால் நகங்கள் பூட்ஸில் இடித்து வலிக்கும். வாங்கிய பூட்ஸை இரண்டு வாரம் கடைக்கும் பள்ளிக்கும் போட்டு நடந்து பழக்கிவிட்டு அப்புறம் மலைக்குப் போங்கள். ஏறும் நாளில் குதிகாலில் லேசாக எரிந்தாலே நின்று பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

5. பையில் என்ன வைப்பது

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஃபிளாஸ்க்கில் தேநீர், முதலுதவிப் பொருட்கள், விசில், தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், குப்பை போட ஒரு கவர். வாழைப்பழத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும்கூடக் கீழே எடுத்து வந்துவிடுங்கள், அந்தக் குளிரில் அவை மக்க நெடுநாள் ஆகும்.

சாப்பாட்டில் புளியோதரையை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆறினாலும் ருசி கெடாது, பை குலுங்கினாலும் வழியாது. தயிர்சாதம் டப்பாவிலிருந்து கசியும், கை கழுவவும் தண்ணீர் வேண்டும். சின்னவர்களுக்குச் சப்பாத்தியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கெண்டல் மின்ட் கேக் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரில்தான் கேக், உண்மையில் சர்க்கரையும் புதினா எண்ணெயும் சேர்ந்த கட்டி. 1953-ல் எவரெஸ்ட் ஏறியவர்களும் கொண்டு போனது.

6. ஏறும் நாள்

கெஸிக்குக்கு ரயில் கிடையாது. பென்ரித் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். காரில் வந்தாலும் காரை கெஸிக்கிலேயே விட்டுவிடுங்கள், மலையடிவாரத்துச் சாலை குறுகல், நிறுத்த இடமும் சொற்பம். மலையில் கழிப்பறை கிடையாது, அந்த வேலையை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிறகு இடஞ்சுழியாகப் போகும் படகில் ஏறி ஹாஸ் எண்டில் இறங்குங்கள்.

துறையிலிருந்து மரங்களுக்கிடையே ஏறி, சாலையைத் தொட்டு, முகட்டுக்குப் போகும் பாதையைப் பிடிக்க வேண்டும். முதல் இருபது நிமிடம்தான் கடினம். அப்போதுதான் எல்லோரும் வேகமாகப் போய் மூச்சிரைத்து, "இது நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டுவார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுபோனால் வேகத்தைக் குறையுங்கள்.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், பாதை தெரிந்தவர் அவருக்குப் பக்கத்தில், பலசாலி கடைசியில். ஓய்வு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடந்தால், மிகவும் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும்.

குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: முதலில் தெரியும் உச்சி உச்சி அல்ல. அது ஸ்கெல்கில் பேங்க். அதைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால்தான் அசல் கேட்பெல்ஸ் எதிரே நிற்கும். சொல்லாமல் விட்டால் அங்கே ஒரு அழுகை நிச்சயம்.

7. பாறையில் ஏறுவது

வழியில் இரண்டு இடங்களில் கையையும் பயன்படுத்த வேண்டியிருக்கும். லட்சக்கணக்கான பூட்ஸ் பட்டுப் பட்டுப் பாறை வழுவழுவென்று ஆகியிருக்கிறது, ஈரமாக இருந்தால் வழுக்கும். கைத்தடியை மடித்துப் பையில் வையுங்கள். பாறையோடு ஒட்டிப் படுக்காமல் நிமிர்ந்து நில்லுங்கள், அப்போதுதான் எடை காலில் இறங்கும், பூட்ஸ் பிடிக்கும். இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும், ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். குழந்தைக்குப் பின்னால், ஒரு படி கீழே, பெரியவர் ஒருவர் வர வேண்டும். என் மகள் பாதியில் உறைந்து நின்றபோது அவளைத் தூக்கவில்லை. அவள் குதிகாலைப் பிடித்து அடுத்த பள்ளத்தில் வைத்து, "இங்கே அழுத்து" என்றேன். அடுத்த இரண்டு படிகளை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

ஏறும் வழியில் ஒரு பாறையில் தாமஸ் ஆர்தர் லெனர்டின் நினைவுப் பலகை பதித்திருக்கிறது. லங்காஷயரில் கோல்ன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். பஞ்சாலைத் தொழிலாளர்கள் விடுமுறையைக் கடற்கரை ஊர்களில் செலவழிப்பதைப் பார்த்துவிட்டு, 1891-ல் ஒரு குழுவை இந்த மலைகளுக்கு அழைத்து வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சாதாரண மக்களுக்கான மலைநடை விடுமுறைகள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள். மலை பணக்காரர்களுக்கு மட்டுமல்ல என்று நினைத்த ஒருவரால்தான் நம்மைப் போன்ற குடும்பங்கள் இங்கே வருவது இயல்பாகிப் போயிருக்கிறது.

8. உச்சியும் இறக்கமும்

உச்சி ஒரு வெறும் பாறைமேடு. கீழே டெர்வென்ட்வாட்டரும் அதன் தீவுகளும், வடக்கே ஸ்கிடா மலை, அதற்கு வலப்பக்கம் பிளென்கத்ரா, இன்னொரு பக்கம் நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கின் பச்சை. வடமேற்கில் தூரத்தில் தெரியும் நீர்ப்பரப்பு பாஸன்த்வைட் லேக். உச்சியில் உட்கார்ந்ததுமே ஃப்ளீஸைப் போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை ஆறும்போதுதான் குளிர் பிடிக்கும்.

தெற்கே இறங்கினால் ஹாஸ் கேட் என்ற தாழ்வான இடம் வரும். அங்கே இடப்பக்கம், ஏரியை நோக்கிப் படிகளாக இறங்கும் பாதை. விபத்துகள் ஏறும்போது நடப்பதைவிடக் களைத்து இறங்கும்போதே நடக்கும், ஆகவே சின்ன அடிகளாக, முழங்காலை லேசாக மடித்து இறங்குங்கள். வழியில் ஹெர்ட்விக் ஆடுகள் நிற்கும். பிறக்கும்போது குட்டி கறுப்பு, வளர வளரச் சாம்பல் நிறம். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

கீழே பிராண்டல்ஹவ் காடு. 1902-ல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு லேக் டிஸ்ட்ரிக்டில் முதன்முதலாக வாங்கிய நிலம் இது. இங்கேதான் அத்தையும் மாமாவும் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

9. ஏதாவது ஆகிவிட்டால்

பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று சொல்லுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். பேச்சுக்கு சிக்னல் போதாமல் குறுஞ்செய்தி போகும் இடங்களும் உண்டு. அதற்காக வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பிப் பதிந்து வையுங்கள். சிக்னலே இல்லையென்றால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊதுங்கள். கிளம்பும் முன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், திரும்பியதும் அவருக்கு மறக்காமல் தகவல் கொடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

புதரும் உயரமான புல்லும் உள்ள பகுதிகளில் உண்ணி ஒட்டும். குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டி முள்வாங்கியால் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த சில வாரங்களுக்குள் வட்டமாகச் சிவந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூட்ஸின் சேற்றைத் தண்ணீரால் கழுவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றாடும் இடத்தில் வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். அடுத்து எங்கே என்று கேட்டால், இங்கிலாந்தின் இன்னொரு மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில் மாம் டோர், 517 மீட்டர். பக்கத்து ஊரான ஈடேல் வரை ரயிலே போகிறது.