சைபர்பங்க் ஆட்ட மேசைக்குப் பின்னணி இசை சேர்ப்பது எப்படி

சைபர்பங்க் என்பது உயர் தொழில்நுட்பமும் சீரழிந்த நகரமும் கலந்த எதிர்காலக் கதை வகை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசியும் பகடை உருட்டியும் அந்தக் கதையை ஆடும் ஆட்டத்தை நடத்தப் போகிறவர் பெரும்பாலும் தேடல் பெட்டியில் ‘சைபர்பங்க் மியூசிக்’ என்று தட்டி, மூன்று மணி நேரக் கலவை ஒன்றை ஓடவிட்டுவிடுகிறார். அரை மணி நேரத்தில் எல்லாரும் குரலை உயர்த்திப் பேசத் தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் யாராவது ‘கொஞ்சம் சவுண்டைக் குறைங்க’ என்கிறார். அதற்குப் பிறகு ஸ்பீக்கர் அணைந்தே கிடக்கிறது. பாட்டுகளில் குறை இல்லை. அவை காதுக்குள் தனியாக ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டவை, மேசையிலோ ஐந்து பேர் நான்கு மணி நேரம் பேசிப் பேசியே ஒரு நகரத்தைக் கட்டுகிறார்கள். அதனால் ஒவ்வொரு தடத்தையும் (டிராக்) சேர்க்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கதையில் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இதற்கு மேலே பேச முடியுமா? இரண்டில் ஒன்றுக்காவது பதில் இல்லாத தடத்தை விட்டுவிடலாம்.

அறையும் குரலும்

பாட்டுத் தேடுவதற்கு முன் அறையை அளந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் இலவச டெசிபல் மீட்டர் செயலி ஒன்று போதும். அதன் எண் துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் ஆட்ட நேரத்தில் ஓடுவதுபோலவே ஓடவிட்டு அளக்க வேண்டும். கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் அவை இல்லாமல் நான்கு மணி நேரம் உட்கார முடியாது, அவை போடும் இரைச்சலோ பாதி ஆம்பியன்ட் இசையை (பின்னணியில் மெதுவாகப் படரும் இசை) விழுங்கிவிடும். மழை, காற்று, புகைக்குழாய்ச் சீறல் போன்றவை மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து காணாமல் போகும். விசிறி பலமாக ஓடும் அறைக்குத் தாழ்ந்த, தெளிவான சுரம் உள்ள தடங்களே எடுபடும்.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 60 டெசிபல். இசை அதற்கு 10 முதல் 15 டெசிபல் கீழே இருக்கட்டும். அதைத் தாண்டினால் பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார், இசை மீண்டும் அடங்கிப்போகும், நீங்கள் மீண்டும் கூட்டுவீர்கள். இரவு பத்து மணிக்கு எல்லாருக்கும் தொண்டை வறண்டுபோவது இதனால்தான்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) தன் இடத்தில் உட்கார்ந்து, கத்தாமல், ‘தேர்ட்டீன், தேர்ட்டி, பதினேழு, பதினெட்டு’ என்று வரிசை மாற்றி வாசிக்கட்டும். மேசையின் கடைசி நாற்காலியில் இருப்பவர் கேட்டதை எழுதட்டும். ஒன்று தவறினாலும் 3 டெசிபல் குறையுங்கள். நம் மேசைகளில் எண்கள் பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில்தான் வரும். பகடை எண் தவறிக் கேட்டால் விதிச் சண்டை வரும்.

பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. ஒலியைக் குறைத்தும் பேச்சு மங்கினால், ஈக்வலைசரில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) அந்தப் பகுதியை மட்டும் 4 முதல் 6 டெசிபல் தாழ்த்துங்கள். இசை அதே பலத்தில் இருக்கும், குரலுக்கு வழி கிடைக்கும்.

ஸ்பீக்கரைக் கேம் மாஸ்டரின் திரைக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது தவறு. குரலும் இசையும் ஒரே திசையிலிருந்து வந்தால் காது பிரிக்கத் திணறும். ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வையுங்கள். பக்கத்து வீட்டோடு பகிர்ந்த சுவரில் ஒட்டவோ தரையில் நேரடியாகவோ வேண்டாம். தாழ்ந்த ஒலி கான்கிரீட் வழியாகவே நடந்து போகும். மடித்த துண்டின் மேல் வைத்து, இரவு ஏறியதும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடாது.

இடத்துக்கு ஒரு சத்தம்

சைபர்பங்க் நகரத்தில் சத்தத்துக்கு உரிமையாளர் உண்டு. சந்தையில் யார் வேண்டுமானாலும் ஸ்பீக்கர் வைப்பார்கள், அதனால் நான்கு பாட்டுகள் ஒன்றோடொன்று மோதும். கம்பெனிக் கோபுரத்தில் ஒரே ஒரு இசை, ஒரே அளவில், கழிவறை வரைக்கும் வரும். இந்த வித்தியாசத்தை மேசையில் கேட்க வைத்துவிட்டால் வர்ணனை பாதியாகக் குறையும்.

கோலாலம்பூரில் புடுவின் இரவுச் சந்தையில் தொடங்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம், ஆண்டு 2090. அடியில் கூட்ட இரைச்சல் ஒரு தடம், அதன் மேல் ஜெனரேட்டர் உறுமல் ஒன்று, தூரத்தில் நடன இசை ஒன்று. நடன இசைக்கு லோ-பாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது) 400 ஹெர்ட்ஸில் போடுங்கள். தாளத்தின் ‘தும் தும்’ மட்டும் மிஞ்சும், பாட்டு மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஆட்டக்காரர் ‘கதவைத் தள்ளுறேன்’ என்று சொல்லும் நொடியில் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். முழுப் பாட்டும் அறைக்குள் கொட்டும். ஐந்து நொடி அப்படியே விட்டு, பிறகு பேச்சுக்கு ஏற்றபடி இறக்குங்கள். கிளப் எவ்வளவு பெரியது, எவ்வளவு நெரிசல் என்று வாயால் சொல்ல வேண்டிய தேவையே இராது.

அங்கிருந்து குழு கம்பெனிக் கோபுரத்தின் வரவேற்பறைக்குப் போகிறது. கூட்டம், ஜெனரேட்டர், தாளம் மூன்றையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். இரண்டு நொடி வெறுமை. பிறகு மென்மையான எலெக்ட்ரிக் பியானோ, நிமிடத்துக்கு 70 தட்டு. 1983இல் வந்த யமாஹா டிஎக்ஸ்7 கருவியின் அந்தக் கண்ணாடி மாதிரியான பியானோ ஒலி இதற்கு மிகப் பொருத்தம். 80களின் காதல் பாட்டுகளில் கேட்டுக் கேட்டு, அது சுத்தமான பணக்கார அறையின் மணமாகவே ஆகிவிட்டது. தடத்தின் வேகத்தை 8 விழுக்காடு குறையுங்கள். சுருதியும் சேர்ந்து இறங்கும். எது சரியில்லை என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிம்மதியாக உட்கார முடியாது.

நகரத்தின் சொந்த ஒலிகளை நீங்களே பதிவுசெய்வது நல்லது. கோலாலம்பூரின் கெலானா ஜெயா எல்ஆர்டி ரயில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. அதில் இருப்பது நேரியல் தூண்டல் மோட்டார் என்பதால், நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு மெல்லிய முனகல் ஏறிக்கொண்டே போகும். அதைவிடப் பொருத்தமான எதிர்கால ஒலியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. தகரக் கூரையில் மழை, மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) கண்ணாடிக் குவளைகள் உரசுவது, அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் ஏதோ விழுவது எல்லாம் சேரட்டும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, விசிறிக் காற்று மைக்கில் படாமல், ஒரே இடத்தில் குறைந்தது மூன்று நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பக்கத்து மேசைக்காரர்களின் பேச்சு தெளிவாக விழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெளியே உண்மையாகவே மழை கொட்டினால் மழைத் தடத்தை நிறுத்துங்கள். இரண்டு மழை சேர்ந்தால் வெறும் இரைச்சல்தான்.

தமிழ்ச் சொற்கள், உறுமி, சுருதி

வரிகள் புரியும் பாட்டு பேச்சோடு போட்டி போடும். வேறு ஊர்களில் ‘யாருக்கும் தெரியாத மொழிப் பாட்டைப் போடு’ என்பார்கள். கோலாலம்பூர் மேசையில் அது கடினம். தமிழ், மலாய், ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், கான்டனீஸும் கொஞ்சம் காதில் ஏறியிருக்கும். குரல் இல்லாத தடங்களே பத்திரம். பழைய சினிமாப் பாட்டு இன்னும் ஆபத்து. இரண்டாவது வரியில் ஒருவர் முணுமுணுப்பார், மூன்றாவதில் மேசையே பாடும், காட்சி கைவிட்டுப் போகும். கடையில் வானொலி ஓடுகிறது என்று காட்ட வேண்டுமானால் 500 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் போட்டுச் சொற்களை மழுக்கிவிடுங்கள்.

நம்மிடம் இருக்கும் கருவிகளைத் தொடாமல் விடுவது பெரிய இழப்பு. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த ஏறி இறங்கும் முனகலை, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகம் மாற்றும் வசதியால் 0.5 ஆக்கிப் பாருங்கள். ஒரு ஸ்தாயி இறங்கும், 20 நொடிப் பதிவு 40 நொடியாகும். கேட்பதற்குப் பாதாளத்தில் ஏதோ இயந்திரம் மூச்சுவிடுவதுபோல இருக்கும். நிழலுலக ஆளின் அறைக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே உறுமி மேளம் தைப்பூசத்தோடும் அருள் வருவதோடும் சேர்ந்தது. பயன்படுத்தும் முன் மேசையில் இருப்பவர்களிடம் கேளுங்கள், ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். பக்திப் பாடல், மந்திரம், பாங்கு ஆகியவற்றைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னணியாக வைக்கவே கூடாது.

தம்பூரா அல்லது சுருதிப்பெட்டிச் செயலியைத் தாழ்ந்த சுருதியில் வைத்து எதிரொலி சேர்த்தால், பேச்சுக்கு அடியில் படுத்துக்கிடக்கும் சிறந்த தடம் கிடைக்கும். மேற்கத்திய இசையில் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போதெல்லாம் காது திரும்பிப் பார்க்கும், ஒரே ஆதார சுருதியில் நிற்கும் இசைக்கு அந்தச் சிக்கல் இல்லை. துக்கமும் பயமும் கலந்த காட்சிக்குச் சுபபந்துவராளி ஆலாபனையைச் சின்தசைசரில் மெதுவாக வாசித்துச் சேர்க்கலாம். இது விநோத முயற்சி ஒன்றும் இல்லை. 1980களின் தொடக்கத்திலேயே மும்பை இசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிபி-303 மின்னணுக் கருவிகளை வைத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறார்.

சண்டை

எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான். சைபர்பங்க் ரெட் ஆட்டத்தில் ஒரு சுற்று 3 நொடி. பத்துச் சுற்றுச் சண்டை கதைக்குள் அரை நிமிடம், மேசையிலோ முக்கால் மணி நேரம் ஓடலாம். நிமிடத்துக்கு 174 தட்டு ஓடும் டிரம் அண்ட் பாஸ் என்ற வேக நடன இசையை முக்கால் மணி நேரம் போட்டால் வேகம் மறைந்து சலிப்புத்தான் மிஞ்சும். விதி பார்ப்பது, பகடை கூட்டுவது, ‘உங்க டர்ன்’ என்று நினைவூட்டுவது எல்லாம் அந்த இரைச்சலுக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

முதல் குண்டு வெடிக்கும்போது முழு வேகத் தடம், இரண்டு நிமிடம் மட்டும். பிறகு அதே சுருதியில் 90 முதல் 100 தட்டுக்குள், டிரம் குறைந்து பாஸ் (தாழ்ந்த ஒலி) மட்டும் துடிக்கும் தடத்துக்கு இறங்குங்கள், சண்டையின் பெரும்பகுதி அதில் ஓடட்டும். யாராவது சாகும் நிலைக்கு வரும்போது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உயிர் பிழைக்கும் பகடையை மௌனத்தில் உருட்டுவதற்கு ஈடான இசை கிடையாது. எழுந்துவிட்டால் வேகத் தடம் திரும்ப வரட்டும்.

லூப் வெட்டுவது

லூப் என்பது முடிந்ததும் தொடக்கத்துக்கே திரும்பி ஓடும் தடம். அதன் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 100 தட்டு, நான்கு தட்டுத் தாளம் என்றால் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) 2.4 நொடி. 64 பார் என்றால் 153.6 நொடி. அதைவிடக் குறைந்தால் திரும்ப வருவது தெரிந்துவிடும். ஆடாசிட்டியில் பகுதியைத் தேர்ந்தெடுத்து ‘இஸட்’ விசையை அழுத்தினால் வெட்டும் முனைகள் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகரும், ‘டக்’ சத்தம் வராது.

தாளம் இல்லாத ஆம்பியன்ட் தடத்துக்கு வேறு வழி. கடைசி 5 நொடியை வெட்டி, இரண்டாவது டிராக்கில் தொடக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டியதற்கு ஃபேட் அவுட், மூலத் தடத்தின் முதல் 5 நொடிக்கு ஃபேட் இன். இரண்டையும் கலந்து சேமித்தால் முடிவு தொடக்கத்துக்குள் தானாகவே நழுவும்.

லூப்பை எம்பி3யாகச் சேமிக்க வேண்டாம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாக அடுக்குகிறது, தொடக்கத்திலும் கடைசிக் கட்டத்தில் மீதமாகும் இடத்திலும் மௌனத்தை நிரப்புகிறது. திரும்பும்போது சிறு விக்கல் கேட்பது அதனால்தான். வேவ் (WAV) அல்லது ஆக் (OGG) கோப்பாக எடுங்கள்.

ஓட்டுவது

ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடங்கள் தாராளம். அதற்கு மேல் போனால் கேம் மாஸ்டர் கதையை விட்டுவிட்டுக் கோப்பு தேடிக்கொண்டிருப்பார். பெயர்களை ‘01 சந்தை’, ‘02 கோபுரம்’ என்று இடத்தை வைத்தே எழுதுங்கள். எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கில் ஓடவிட்டால் சவப்பெட்டி முன்னால் நிற்கும்போது ஷாம்பூ விளம்பரம் வரும். டேபிள்டாப் ஆடியோ தளத்தில் பத்து நிமிட ஆம்பியன்ட் தடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தனி ஒலிகளுக்கு ஃப்ரீசவுண்ட் இருக்கிறது, உரிம விவரத்தை ஒவ்வொரு கோப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் உரிமம் தெளிவாக இல்லாத எதையும் தொட வேண்டாம்.

ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகும், துப்பாக்கி வெடித்த பிறகுதான் ‘டுமீல்’ கேட்கும். 3.5 மில்லிமீட்டர் வயர் வாங்கிச் சொருகுங்கள். வயர் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எர்த் வழியாக வருகிறது. அப்படியானால் ஆட்டத்தைப் பேட்டரியில் நடத்துங்கள், அல்லது ஆடியோ வயரில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஒருவர் டிஸ்கார்ட் என்ற இணையப் பேச்சுச் செயலியில் சேர்ந்தால் இசையை மைக் வழியாக அனுப்பாதீர்கள். இரைச்சல் நீக்கும் வசதி இசையையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். கென்கு எஃப்எம் போன்ற மென்பொருள் இசையைத் தனிப் பயனராக அறைக்குள் கொண்டுவரும். அதன் பெயரை வலச் சொடுக்கி அவரவர் ஒலி அளவை அவரவர் வைத்துக்கொள்ளலாம். நேரில் இருப்பவர்களுக்கு ஸ்பீக்கரில் ஓடும் அதே இசை உங்கள் மைக்கிலும் விழுந்து அவருக்கு இரண்டு முறை கேட்கும். அதனால் ஸ்பீக்கர் இருக்கும் பக்கத்துக்கு மைக்கின் முதுகைக் காட்டி வையுங்கள்.