கீமோவுக்கு நடுவே வீடு தேடி வரும் சூரணம்

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்ப்பேட்டையிலோ ஒரு வீட்டில் புற்றுநோய் என்ற செய்தி தெரிந்த வாரத்திலேயே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மருந்தோடு வந்துவிடுகிறார்கள். முள்சீத்தா இலை, மஞ்சள் மாத்திரை, பெயர் எழுதாத செந்தூரப் பொட்டலம் என்று அலமாரி நிறைந்துவிடுகிறது. அன்போடு கொடுத்ததை மறுக்க மனம் வராது. ஆனால் அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. கொண்டு வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது நோயைக் குணப்படுத்துமா, சிகிச்சையின் துன்பத்தைக் குறைக்குமா என்பதுதான்.

துன்பத்தைக் குறைப்பவை துணைச் சிகிச்சைகள். அவற்றில் சிலவற்றுக்குச் சான்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களின் களைப்பையும் பதற்றத்தையும் யோகா ஓரளவு தணிப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. யோகா செய்பவருக்குத் தாம் செய்வது தெரியும் என்பதால் அந்தப் பலனில் நம்பிக்கையின் பங்கும் கலந்திருக்கலாம். செலவும் ஆபத்தும் குறைவாக இருக்கும்போது அதை நான் பெரிய குறையாகக் கருதுவதில்லை. ஆனால் நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் உடலை வளைக்கும் ஆசனங்களையும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அழுத்தித் தேய்க்கும் மசாஜையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

குணப்படுத்தும் என்று சொன்னால், எங்கே, யாரிடம் சோதித்தார்கள் என்று கேளுங்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களை அழிப்பது உண்மை. வாய்வழி உண்டால் அதில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது என்பதும் உண்மை. பாதாம் வகைக் கொட்டைகளோடு தொடர்புடைய லேட்ரைல் என்ற மருந்தை அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் வெளிவந்தது. அதில் ஒருவரும் குணமாகவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. 'எங்கள் தெருக்காரர் ஒருவர் இதைச் சாப்பிட்டே பிழைத்தார்' என்பவரிடம், அவர் அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டாரா என்று விசாரித்தால், பெரும்பாலும் கதையின் மறுபாதி அப்போதுதான் வெளிவரும்.

மூலிகையை இளக்காரமாகச் சொல்லவில்லை. காசிமேட்டு உப்புக்காற்றையும் தாங்கி வாசலோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் கிடைத்தது. அம்மருந்தைப் பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிகுந்தால் நரம்பைக் கெடுக்கும். இலையைக் கொதிக்கவைத்தால் அந்த அளவு யாருக்குத் தெரியும்?

இயற்கையானது எதுவும் கெடுக்காது என்ற பேச்சை இந்த இடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கும் உடலில் பாதரசமோ ஈயமோ கலந்த செந்தூரமும் சேர்ந்தால் சுமை இரட்டிப்பாகும். க்ரீன் டீயிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தைச் செயலிழக்கச் செய்வது ஆய்வகத்திலும் எலிகளிலும் தெரிந்துள்ளது. சிகிச்சையைத் தவிர்த்துவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்புவதோ இவற்றையெல்லாம் விடக் கொடியது: அவ்வாறு செய்த 281 அமெரிக்க நோயாளிகளை ஆராய்ந்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருப்பதால், சுவரொட்டியிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி எதைக் கண்டாலும் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டான்லி மருத்துவமனையானாலும் அடையாறு புற்றுநோய் நிலையமானாலும், அடுத்த முறை போகும்போது ஓ.பி. சீட்டோடு எல்லாப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். எதை, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து சாப்பிட்டார் என்று எழுதிக் காட்டுங்கள். மருத்துவர் கடிந்துகொண்டாலும் மறைக்க வேண்டாம். வேண்டாம் என்று அவர் சொன்ன பொட்டலத்தையும் உடனே குப்பையில் போடாதீர்கள். பின்னால் கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறினால், உள்ளே போனது எது என்று காட்ட அதுவே உதவும்.