ஆன்லைன் குருஜிங்க, ரிட்ரீட் வலை: நம்ம பண்ற தப்புங்க

"படிச்சவன் எப்படிங்க இந்த ஆன்லைன் குரு வலைல மாட்டுவான்"னு நெனைக்கறதே முதல் தப்பு. 1997ல அமெரிக்காவுல ஹெவன்ஸ் கேட்னு ஒரு கூட்டம், ஒரே வீட்ல 39 பேரு உயிர விட்டாங்க, அவங்க வெப்சைட் டிசைன் பண்ணி சம்பாதிச்சவங்க. மனசு ஒடிஞ்சு கெடக்கற நேரத்துல யாரா இருந்தாலும் மாட்டலாம். வேலை போயிருக்கும், அப்பா தவறிருப்பாரு, ராத்திரி தூக்கம் வராம போன தள்ளிட்டு இருக்கறப்ப ஒருத்தர் அமைதியா பேசுவாரு, நாலு வீடியோ முழுசா பாத்துட்டா யூடியூப் அப்புறம் அவரையே காட்டிட்டு இருக்கும், ஊரே அவர் பேச்ச தான் கேக்குதுன்னு தோண ஆரம்பிச்சிரும்.

காவி கட்டுனவர மட்டும் சந்தேகப்படாதீங்க. டிரேடிங் சொல்லித் தரவரு, டயட் சொல்றவரு, லைஃப் கோச், யாரா வேணா இருக்கலாம். குரூப்ல "போன மாசம் சொன்னது நடக்கலையே சார்"னு கேட்டுப் பாருங்க. கேட்டவருக்கு நெகட்டிவ் எனர்ஜின்னு பேர் வச்சு அட்மின் தூக்கிட்டாருன்னா நீங்களும் அன்னைக்கே வெளிய வந்துருங்க.

ஜூம்ல "மனச தொறந்து பேசுங்க"ன்னு சொன்னா வீட்டு ரகசியத்த கொட்டாதீங்க, ரெக்கார்ட் ஆகுதான்னு கூட தெரியாது. நெக்ஸியம்னு ஒரு கூட்டம், தன்னம்பிக்கை கோர்ஸ்னு சொல்லி சேத்துட்டு பெண்கள்ட்ட அந்தரங்க போட்டோவ ஈடு மாதிரி வாங்கி வச்சு மிரட்டுனாங்க, தலைவர் கீத் ரனியேருக்கு 2020ல 120 வருஷம் ஜெயில். மாத்திரைய நிறுத்தச் சொன்னா அதோட முடிச்சுக்கங்க, சுகர், கேன்சர் குணமாகும்னு விளம்பரம் பண்றதே 1954ல வந்த மந்திர மருந்து விளம்பரத் தடை சட்டப்படி குத்தம்.

கொடைக்கானல்ல ரிட்ரீட்னு, அதாவது சில நாள் தங்கி தியானம் பண்ற முகாம்னு கூப்பிடறது இதுக்கெல்லாம் அப்புறம் தான். நம்ம மலைல ஒழுங்கா தியானம் சொல்லித் தர்ற எடமும் இருக்கு, அதையெல்லாம் சேத்து திட்டல. ஆனா மன்னவனூர், கவுஞ்சி பக்கம் ஒதுக்குப்புறமா ஒரு காட்டேஜ், டவர் சரியா கெடைக்காது, பஸ்ஸும் அடிக்கடி கெடையாது, ஈ-பாஸ்ல இருந்து வேன் வரைக்கும் அவங்களே ஏற்பாடு, போனதும் மொபைல வாங்கி வச்சுக்குவாங்க, விடிய விடிய உக்கார வச்சு அரை வயிறு சோறு போடுவாங்க, தூக்கமும் சாப்பாடும் கொறைஞ்சா எதுக்கும் தலையாட்ட தான் தோணும், அந்த நேரம் பாத்து தான் அடுத்த லெவல் கோர்ஸுக்கு பணம் கேப்பாங்க. போறதா இருந்தா காட்டேஜ் பேரு, ஓனர் நம்பர் வீட்ல சொல்லிட்டு போங்க. பூம்பாறையிலயோ கொடையிலயோ ஒரு டாக்ஸிக்காரர் நம்பர பேப்பர்ல எழுதி பைல வைங்க, எறங்கி வர காசு தனியா இருக்கட்டும், போன குடுக்காதீங்க. பாதில கெளம்பலாமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க, அதுக்கு முகம் சுளிச்சா போகவே வேணாம்.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் வீட்ல இருக்கறவங்க பண்ற தப்பு தான். "உன் குரு ஃப்ராடு"ன்னு கத்துவாங்க, பேச மாட்டாங்க, வீட்ட விட்டு போன்னுருவாங்க. "வீட்ல எதிர்ப்பாங்க, அவங்களுக்கு புரியாது"ன்னு குரூப்ல ஏற்கனவே சொல்லி வச்சிருப்பாங்க, நீங்க கத்துனா குரு சொன்னது அப்படியே பலிச்சதா ஆயிரும். மாட்டுனது உங்க பொண்ணுன்னு வைங்க, குரு பேச்ச விட்டுட்டு பொண்ண பத்தி பேசுங்க, சாப்ட்டியாம்மா, தூங்குனியாம்மான்னு கேளுங்க, பழைய பிரெண்ட்ஸ வீட்டுக்கு கூப்பிடுங்க. எப்பவாச்சும் மெதுவா "அங்கருந்து விலகுனவங்கள பத்தி என்னம்மா பேசிக்குவாங்க"ன்னு மட்டும் கேளுங்க, பதில் வராட்டியும் மண்டைல ஓடிட்டே இருக்கும். ஏமாத்தி பணம் புடுங்கிருந்தா அன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்க்லயும் சொல்லுங்க.

திரும்பி வந்தப்புறம் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்லவே சொல்லாதீங்க. வெளிய வந்தவங்களுக்கு பேசறதுக்கு இருந்த அத்தன பேரும் ஒரே நாள்ல போயிருப்பாங்க, அந்தத் தனிமை தாங்காம தான் பல பேரு மறுபடி உள்ள போறாங்க, அதனால கொஞ்ச நாள் கூடவே இருங்க. டாக்டர்ட்ட வர கூச்சப்பட்டா 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.